இரண்டு அடிமை ஓலைகள்



மன்னாரிலிருந்து தெற்கு நோக்கி வங்காலையைத் தாண்டி, நானாட்டான் பக்கமாக வருகின்றவர்களுக்கு நறுவிலிக்குளம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். ஒரு பக்கம் கடற்காற்று. மறுபக்கம் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய வயல் நாடு. ஊருக்குப் பெயர் தந்த நறுவிலி மரத்தை இன்றைய பிள்ளைகள் பலர் அறியார். எங்கள் காலத்தில் அதன் பழம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பசை. பழத்தைப் பிதுக்கினால் வழுவழுவென்று ஒரு சாறு வரும். பட்டம் ஒட்டுவதற்கும், கிழிந்த கொப்பித்தாளை ஒட்டுவதற்கும் அதுதான். கையில் பட்டால் மணலில் தேய்த்தாலும் போகாது. மணலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

என் அம்மம்மா பாவத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பழத்தைத்தான் சொல்லுவா. தபசு காலத்தில் மாலை வேளைகளில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கோயிலுக்குப் போகுமுன், எங்களைக் குந்தில் இருத்திப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்துவது அவவின் வேலை. பாவங்களை நினைவுகூர்தல், மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் என்று ஐந்து விரலிலும் ஐந்து காரியங்களை எண்ணிக் காட்டுவா. எழுத்து வாசனை அதிகம் இல்லாதவ. ஆனால் இஷ்டப்பிரசாதம் என்ற சொல்லை அவவைப்போல் அவ்வளவு உரிமையோடு சொன்ன ஒருவரை நான் பின்னர் கண்டதில்லை.

ஒருநாள் நான் கேட்டேன்: "அம்மம்மா, பாவத்திலயிருந்து விடுதலை எண்டால், பிறகு நாங்கள் விரும்பினபடி இருக்கலாமோ?"

அவ சிரித்தா. "தம்பி, கட்டவிழ்த்த மாடு சும்மா நிக்குமோ? ஆற்றையேன் பட்டிக்குத்தான் போகும். ஆற்றை பட்டிக்கு எண்டதுதான் கேள்வி."

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, எங்கள் மாதோட்ட மண்ணின் நானூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தை உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். சமயப் பிரசங்கம் செய்வது என் நோக்கமன்று. ஒரு சொல், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வில் எப்படியெல்லாம் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லுவதே நோக்கம்.

அம்மம்மா கேட்ட கேள்வி அவவுக்கே தெரியாமல் மிகப் பழையது. அர்ச்சிஷ்ட சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இதே வினா வருகிறது. அருள் இருக்கிறதே என்பதற்காகத் தொடர்ந்து பாவஞ் செய்யலாமா என்று அவரே கேட்டு, அவரே மறுக்கிறார். மனிதன் எதற்குக் கீழ்ப்படிகிறானோ அதற்கு அடிமையாகிறான். முன்பு பாவத்துக்கு அடிமையாய் இருந்தவன் இப்போது இறைவனுக்கு அடிமையாகிறான் என்பது அவருடைய வாதம். விடுதலையை விளக்க வந்தவர் அடிமை என்ற சொல்லைக் கையிலெடுத்தது அன்றைய உரோமாபுரியில் பலரைத் துணுக்குற வைத்திருக்கும். அந்நகரில் அடிமைகள் உண்மையாகவே வாங்கப்பட்டார்கள், விற்கப்பட்டார்கள். அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்டவர்களிலும் அடிமைகள் இருந்திருப்பார்கள்.

நமக்கும் அது வெறும் உவமையன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் வடபகுதியில் மனிதர்கள் சாதியின் பெயரால் அடிமைகளாகப் பதியப்பட்டார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டில்தான். ஆகவே இறைவனின் அடிமை என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது, அச்சொல்லின் கொடுமையையும் நாம் மறக்கலாகாது. அதனை மறந்துவிட்டால் அந்தச் சொல் தரும் வியப்பும் நமக்குக் கிட்டாமற் போய்விடும்.

ஆனால் தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு வாழ்வும் உண்டு. நறுவிலிக்குளத்துக்கு வடக்கே, பாலாவிக் கரையில் திருக்கேதீஸ்வரம் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் அதனைப் பாடியிருக்கிறார்கள். கடலுக்கு அப்பால் இராமேசுவரத்தில் நின்றே பாடினார்கள் என்பது மரபு. அந்தச் சுந்தரருடைய கதை பெரியபுராணம் படித்தோர் யாவரும் அறிந்ததே. மணப்பந்தலில் ஒரு முதியவர் வந்து, இவன் எனக்கு அடிமை என்று வழக்குரைக்கிறார். பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை என்று ஒன்றை நீட்டுகிறார். மணமகன் அதனைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே மூல ஓலை வெளிவருகிறது. வழக்கில் மணமகன் தோற்கிறார். தோற்ற பின்னரே வந்தவர் யாரென்று தெரிகிறது.

இந்தக் கதையில் எனக்கு என்றும் வியப்பைத் தருவது அதன் முடிவு. வழக்கிலே அடிமையென்று தீர்ப்புப் பெற்றவருக்குச் சைவ உலகம் வழங்கிய பெயர் தம்பிரான் தோழர். அடிமை ஓலையில் தொடங்கியது தோழமையில் முடிகிறது. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலும், இயேசுநாதர் தம் சீடரை இனி ஊழியர் என்று அழைப்பதில்லை, நண்பர் என்றே அழைப்பதாகக் கூறுகிறார். இரு சமயங்களும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. அடியவன் தோழனாவான் என்ற எண்ணம் தமிழ்க் காதுக்குப் புதியதாய் இருந்திருக்காது என்பதையே சொல்லுகிறேன்.

நேயர்களே, இந்த மண்ணிலே எழுதப்பட்ட ஆணைகளுக்கு இப்போது வருவோம்.

1544ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையிலே பணிசெய்துகொண்டிருந்தார். மன்னார்த் தீவு மக்கள் தங்களிடமும் வரும்படி அவருக்கு ஆளனுப்பினார்கள். அவர் தாம் வர இயலாமையால் ஒரு குருவை அனுப்பினார். பெருந்தொகையானோர் ஞானஸ்நானம் பெற்றனர். அச்செய்தி யாழ்ப்பாணத்தரசன் சங்கிலிக்கு எட்டியது. படையோடு வந்த மன்னன், மதம் மாறியவர்களைத் திரும்பும்படி பணித்தான். மறுத்தவர்கள் வாளுக்கு இரையானார்கள். அறுநூறு முதல் எழுநூறு பேர் வரை மாண்டனர் என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. தோட்டவெளியிலே அவர்கள் நினைவாக ஆலயம் நிற்கிறது.

சங்கிலியை வெறுங் கொடுங்கோலன் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வது எளிது. அவன் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது. எதிர்க்கரையிலே ஞானஸ்நானம் பெற்ற பரதவர் போர்த்துக்கேய அரசனின் பாதுகாப்பையும் சேர்த்தே பெற்றதை அவன் கண்டிருந்தான். தன் குடிகள் வேறொரு மன்னனின் குடிகளாகி விடுவார்கள் என்று அஞ்சினான். அந்த அச்சம் முழுப் பொய்யுமன்று. 1560இல் தொன் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் படையோடு வந்து, யாழ்ப்பாணத்தைத் தாக்கி, மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார். பின்னர் திருக்கேதீஸ்வரக் கோயில் போர்த்துக்கேயர் கையால் இடிக்கப்பட்டது. வாளினால் சாட்சிகளை உண்டாக்கியவன் ஒருவன். அவர்களுடைய சாட்சியத்தின் பெயரைச் சொல்லி வாள் எடுத்தவர்கள் வேறு சிலர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாவிட்டால் எங்கள் சரித்திரம் பாதிச் சரித்திரமாகிவிடும்.

ஆனால் கொல்லப்பட்ட அந்த மக்களிடம் கோட்டையும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஞானஸ்நானம் பெற்றுச் சில காலமே சென்றிருந்தது. வேதநூல் கையில் இல்லை. தமிழில் ஒரு செபப் புத்தகம்கூட அச்சாகியிருக்கவில்லை. அரசனுக்குக் கீழ்ப்படிந்தால் உயிர், கீழ்ப்படியாவிட்டால் சாவு. அவர்கள் எந்த ஓலையைத் தங்கள் ஓலையாக எண்ணினார்கள் என்பதை அவர்களுடைய சாவுதான் சொல்லிற்று.

தமிழெழுத்தில் அச்சு நூல் வர மேலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நூலைத் தந்தவருக்கும் மன்னாருக்கும் உறவுண்டு. 1560க்குப் பின்னர் புன்னைக்காயலிலிருந்து பரதவர் குடும்பங்கள் மன்னாருக்கு வந்து குடியேறியபோது, அவர்களோடு அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளாரும் வந்து இங்கே சில ஆண்டுகள் இருந்தார். அவர் 1578இல் கொல்லத்திலே அச்சிட்ட தம்பிரான் வணக்கம், இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல். கடவுளுக்கு அவர் தெரிந்தெடுத்த சொல்லைக் கவனியுங்கள். சுந்தரருக்குத் தோழரான அதே தம்பிரான்!

அதற்கு இரண்டாண்டு கழித்து, 1580இல், அவருடைய கொம்பெசியொனாயரு வெளிவந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் கையேடு அது. தமிழில் முதல் அச்சேறிய சில நூல்களுள் ஒன்று, மனிதன் தன்னைத்தானே விசாரித்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றியது என்ற செய்தி இலக்கிய அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. தலைப்பே போர்த்துக்கேயச் சொல்தான். அந்நாட்களில் சமயச் சொற்கள் பல அப்படியே தமிழெழுத்தில் இறங்கின. பின்வந்த குருமார் வடமொழியை நாடினர். அப்போது பிறந்ததுதான் அம்மம்மாவின் வாயில் இருந்த இஷ்டப்பிரசாதம். புரட்டஸ்தாந்து அன்பர்கள் கிருபை என்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கரின் செபங்களிலே அருள் என்ற தமிழ்ச் சொல் நிலைபெற்றது. நானூறு ஆண்டுகளாக ஒரே பொருளுக்குச் சொல் தேடியிருக்கிறோம். இலவசமாய்க் கிடைப்பதற்குப் பெயர் வைப்பது அவ்வளவு இலகுவன்று போலும்.

அருளைப் பற்றிய அடுத்த சோதனை 1658இல் வந்தது. அவ்வாண்டு ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி பிறந்த கட்டளையின்படி, கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. ஞானஸ்நானமும் விவாகமும் அந்தச் சபையின் புத்தகத்திலேயே பதியவேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால் குற்றப்பணம். அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் அந்தச் சபையில் சேரவேண்டும்.

அந்தக் காலத்து ஒல்லாந்தப் போதகர்களுள் பெயர் பெற்றவர் பிலிப்புஸ் பல்தேயுஸ். தமிழ் கற்றவர், மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கண்ணாற் கண்டு எழுதி, 1672இல் நூலாக வெளியிட்டவர். உழைப்பாளி என்பதிலே ஐயமில்லை. அவருடைய சபையின் உயிர்க்கொள்கை என்ன? மனிதன் தன் முயற்சியால் மீட்படைவதில்லை, கடவுளின் கிருபையினால் மட்டுமே மீட்படைகிறான் என்பதாகும். எவ்வளவு உயர்ந்த கொள்கை! ஆனால் அதனைப் பரப்ப வந்தவர்களுக்குப் பின்னால் கொம்பனியின் தோம்பும், குற்றப்பணக் கணக்கும், சிறைச்சாலையும் நின்றன. கிருபையை ஆணையாகப் பிறப்பித்தார்கள். ஆணைக்கு மக்கள் கொடுத்தது ஆணைக்குரிய பதிலையே. புத்தகத்தில் பெயரைப் பதிந்தார்கள். பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு ஞானஸ்நானம் பெற்றார்கள். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள்.

இந்த இரட்டை வாழ்வு பாவமா? 1544இல் மாண்டவர்களின் வழிவந்தவர்கள் இப்படி வளைந்து கொடுத்தது சரியா? நான் இளைஞனாய் இருந்தபோது இதனைக் கோழைத்தனம் என்றே எண்ணினேன். வயது செல்லச் செல்ல அந்தத் தீர்ப்பை மெல்லத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். குருவில்லாமல், பூசையில்லாமல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளில்லாமல், முப்பது ஆண்டுகள் விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றிய தாய்மாரைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? வேறு சிலர் வளையவும் இல்லை, நின்று சாகவும் இல்லை. மாந்தையிலிருந்த ஆரோக்கிய மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு இருபது குடும்பங்கள் காட்டுக்குள் போயின. 1670ஆம் ஆண்டு என்பது மரபு. அவர்கள் போய்ச் சேர்ந்த மருதமடுவே இன்றைய மடுத் திருப்பதி.

இங்கேதான் நமது இரண்டாவது ஓலை வருகிறது.

கோவாவிலே 1651இல் பிறந்தவர் யோசவ் வாஸ் அடிகளார். குருப்பட்டம் பெற்றதற்கு அடுத்த ஆண்டு, 1677 ஓகஸ்ட் 5ஆம் திகதி, சாங்கோவாலே ஆரோக்கிய மாதா ஆலயத்திலே அவர் ஒரு பத்திரம் எழுதினார். தம்மை மாதாவுக்கு நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுக்கும் அடிமைச் சாசனம் அது. அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. அடிமைகள் விலைக்கு வாங்கப்பட்ட கோவாவில், உயர்குலத்துப் பிராமணக் குடும்பத்திற் பிறந்த ஒருவர், அடிமை விற்பனைப் பத்திரத்தின் பாணியிலே தம்மைத்தாமே எழுதிக்கொடுத்தார். சுந்தரருக்கு ஓலையைக் கொண்டுவந்தவர் இறைவன், சுந்தரர் கிழித்தார். வாஸ் அடிகளாரை ஒருவரும் வழக்குக்கு இழுக்கவில்லை, தாமே எழுதினார்.

பத்து ஆண்டு கழிந்து, 1687இல், அவர் அந்தப் பத்திரத்தின் பொருளை இங்கே வந்து காட்டினார். தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவர் குருவின் அங்கி தரிக்கவில்லை. கூலியாளின் உடை. கழுத்தில் ஒரு செபமாலை. அதனைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறதோ அவர் கத்தோலிக்கராய் இருக்கக்கூடும் என்று தெரு வழியே பிச்சையெடுத்துத் தேடினார். சில்லாலையில் மறைந்திருந்து பணிசெய்தார். பின்னர் புத்தளம் சென்று, கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். 1692இல் போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் கண்டியிலே சிறைப்பட்டார். 1697இல் அந்நகரை வைசூரி தாக்கியது. இயன்றவர்கள் நோயாளிகளை விட்டு ஓடினார்கள். அவர் ஓடவில்லை. பௌத்தர், கத்தோலிக்கர் என்ற பேதமின்றிப் புண்ணைக் கழுவினார், உணவூட்டினார், பிணங்களை அடக்கஞ் செய்தார். பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு ஆதரவளித்தான். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலே அவர் காலமானார். அவர் அடிச்சுவட்டில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியதுதான், அம்மம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கவைத்த வியாகுலப் பிரசங்கம்.

அவர் பின்னால் படை வரவில்லை. கோவாவில் ஆண்டவர்கள் போர்த்துக்கேயர்தாம். ஆயினும் அவர் அவர்களுடைய கப்பலைக் கேட்கவில்லை. ஆணையால் முடியாத காரியம் ஓர் அடிமையால் முடிந்தது. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் மறைந்தது. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களைத் தேசாதிபதி மெயிற்லண்ட் 1806இல் நீக்கினார். அதன் பின்னர் கொம்பனியின் பதிவுப் புத்தகத்தில் இருந்த கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கரைந்து போயினர்; வாஸ் அடிகளார் தேடித் திரிந்த வீடுகளில் செபமாலை தொடர்ந்தது.

நேயர்களே, இவ்வளவையும் சரித்திரமாகச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கு இலகு. ஆனால் அம்மம்மாவின் ஐந்து விரல்களில் முதல் விரல், பாவங்களை நினைவுகூர்தல். ஆதலால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேறவேண்டுமென்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தும், அருவியாற்றுக்குத் தெற்கே முசலிப் பக்கத்திலிருந்தும், நூற்றாண்டுகளாக எங்களோடு வாழ்ந்தவர்கள் சில நாட்களுக்குள் புறப்பட்டார்கள். கொண்டுபோகக் கூடியது கொஞ்சம். முசலிப் பக்கத்து வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருபவர். நானா என்றுதான் அழைப்போம். அன்று மழையில் சைக்கிளில் வந்தார். பின் இருக்கையிலே சாக்கால் மூடிய ஒரு தையல் இயந்திரம். மனைவியினுடையது. திரும்பி வரும்வரை இதனை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

நான் மறுத்தேன். ஆணை வந்திருக்கிறது, பொருள் வைத்திருந்தால் எங்களுக்கும் ஆபத்து என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கை இழுத்து மூடிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். நான் படலையைச் சாத்தினேன்.

எங்கள் பக்கமும் அக்காலத்தில் இரத்தம் சிந்தியிருந்தது. 1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலைப் பங்குக் குரு மேரி பஸ்தியன் அடிகளார் தம் பங்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாங்களும் ஓடினோம், ஒளிந்தோம், அகதிகளாய் மடுவில் கிடந்தோம். பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள் என்ற எண்ணமே மனத்தை நிரப்பியிருந்தது. அந்த எண்ணத்துக்கு அடியில் அந்தத் தையல் இயந்திரம் இருந்தது. நறுவிலிப் பசைபோல ஒட்டிக்கொண்டு, அதன்மேல் ஆண்டுக்காண்டு மணல் சேர்ந்துகொண்டே இருந்தது. விடுதலை என்ற சொல்லை எங்கள் தலைமுறையைப்போல் வேறெந்தத் தலைமுறையும் காதாரக் கேட்டிராது. அந்தச் சொல்லின் பெயராலேயே ஒருவரை மழையில் திருப்பி அனுப்பினேன். நான் கீழ்ப்படிந்தது உண்மை. ஆற்றை பட்டிக்கு என்பதுதான் கேள்வி.

பல ஆண்டுகளுக்குப் பின் பாவசங்கீர்த்தனத்தில் இதனைச் சொன்னேன். குருவானவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பாவத்துக்கு மன்னிப்பு உண்டு என்றார். பிறகு, அபராதமாக மூன்று மங்கள மந்திரம் சொல்லச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்திருக்க, "அந்த மனிசன் உயிரோட இருக்கிறாரோ? இருந்தால் போய்ப் பாருங்கோ" என்றார்.

புத்தளத்திலே, ஓலைக் கொட்டில்கள் கல்வீடுகளாக மாறிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பில் அவரைக் கண்டுபிடித்தேன். தாடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சொல்ல ஆயத்தப்படுத்திக்கொண்டு போன வசனங்கள் பாதியில் நின்றுவிட்டன. அவர் என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கிறது அல்லாஹ்ட விசயம், மாஸ்டர்," என்றார். "நீங்க மழையில வந்திருக்கீங்க. முதல்ல தேத்தண்ணி குடிங்க."

அன்று மழை பெய்துகொண்டிருந்தது என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். படலையில் வைத்து நான் செய்யாததை அவர் செய்தார். எந்த ஆணையும் அவரை அப்படிச் செய்யும்படி பணிக்கவில்லை. நான் அதற்குப் பாத்திரவானுமல்லன். அம்மம்மாவின் இஷ்டப்பிரசாதம் என்ற சொல்லுக்கு நான் அறிந்த விளக்கங்களுள் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை ஒத்தது வேறில்லை. அது என்னுடைய பாவத்தை இல்லாமற் செய்யவில்லை. அந்தத் தையல் இயந்திரம் எங்கே போனதென்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு, எவருடைய ஆணையைச் சாட்டாகச் சொல்லியும் ஒரு படலையைச் சாத்த என்னால் முடியாது. அருளால் வரும் விடுதலையும் கீழ்ப்படிதலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று சின்னப்பர் சொல்லுவதை நான் இவ்வாறுதான் விளங்கிக்கொள்கிறேன்.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலை கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசவ் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். போரிலே உற்றாரை இழந்த தமிழரும் சிங்களவரும் அருகருகே நிற்க, மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மன்னிப்புக் கேட்பதற்கும் மன்னிப்பதற்கும் அருள் வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அடிமைச் சாசனம் எழுதிய ஒருவர் புனிதரானார். ஆரோக்கிய மாதா ஆலயத்திலே அதனை எழுதியவர். மாந்தையிலிருந்து ஆரோக்கிய மாதாவைச் சுமந்து ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் காட்டிலே அதே மாதாவின் முன் நின்றார்கள். இதற்கெல்லாம் நான் விளக்கம் சொல்ல முற்படமாட்டேன்.

நறுவிலிக்குளத்திலே அம்மம்மா இருந்த வீடு இப்போது இல்லை. குந்து இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. தபசு காலத்து மாலைகளில் அந்தப் பக்கம் போகும்போது, என் ஐந்து விரல்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன். நான்கு விரல்கள் வரை எப்படியோ வந்துவிடுகிறேன். ஐந்தாவது விரலுக்காக இன்னும் சில வீடுகளுக்குப் போகவேண்டியிருக்கிறது.